ஒரே பஸ் பயணத்தில் சரியான ரெம்: புது லெப்டொப்பை ஆயத்தப்படுத்தி மெமரியை நாமே கூட்டுவது எப்படி?

ஹட்டனில் விடியக்காலை பஸ் ஏறினால், கினிகத்தேனை, கித்துல்கல வளைவெல்லாம் இறங்கி, அவிசாவளையைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேர முன்பகல் முடிந்துவிடும். சாமானை வாங்கிக்கொண்டு திரும்பினால் வீடு வர இருட்டிவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாளைச் செலவழித்து ஒரு கடையில் போய் நின்று, “8 ஜிபி ரெம் ஒன்று குடுங்க அண்ணே” என்றேன். திறந்திருக்கும் வேலைகளைக் கணினி கையில் வைத்துக்கொள்ளும் மெமரிப் பலகைதான் ரெம். கேட்டதைத்தான் அவர் தந்தார். இரவு வீட்டில் லெப்டொப்பைக் கழற்றி வைத்துவிட்டு உறையைப் பிரித்தால், உள்ளே இருந்தது மேசைக் கணினிக்குரிய நீட்டு ரெம். லெப்டொப்பில் ரெம் செருகும் ஸ்லொட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். “பெருசா இருந்தா நல்லதுதானேடா?” என்றார் அப்பாயி. மறுநாள் மறுபடியும் பஸ்.

ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கும் வேலை இருபது நிமிடத்தில் முடியும். அதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எதை வாங்க வேண்டும் என்பதில்தான் நாள் கணக்கில் நேரம் போகிறது. கொழும்பில் இருப்பவருக்குப் பிழையான ரெம் என்றால் ஒரு முச்சக்கரவண்டிச் செலவு. நமக்கு ஒரு நாள் சம்பளம். அதனால் இந்த வழிகாட்டியில் வாங்குவதற்கு முந்திய பகுதிதான் நீளமாக இருக்கும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போகும் என் தங்கச்சிக்கு வாங்கிய லெப்டொப்பைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

கடையை விட்டு வெளியே வரும் முன்

பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பெட்டியில் இருக்கும் தொடர் இலக்கமும் லெப்டொப்பின் அடியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அந்த இலக்கத்தைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். எத்தனை மாத வொரண்டி என்பது பில்லில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

அடுத்து ஒரு கேள்வி, இதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்: “நான் ரெம் கூட்டுவதற்காக அடி மூடியைத் திறந்தால் வொரண்டி இருக்குமா?” சில நிறுவனங்கள் ரெம் மாற்றுவதை அனுமதிக்கின்றன, சில கடைகள் ஒரு ஸ்க்ரூவின் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி, அது கிழிந்தால் வொரண்டி இல்லை என்கின்றன. பதிலைக் கடையின் வட்ஸ்அப்புக்கு எழுத்தில் கேட்டு வாங்குவது என் பழக்கம். பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்போது பில்லும் அந்த எழுத்தும் கையில் இருக்க வேண்டும்.

பாவித்த லெப்டொப் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்கள் சகாய விலையில் கிடைக்கும். அவற்றுக்குப் புதிதாக ரெம் வாங்கிப் போடுவது, விற்கப்போகும் மாட்டுக்குப் புது மணி கட்டுவது மாதிரி.

கரண்டும் இடியும்

சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தோட்டத்து லயத்தில் பின்னேரம் எல்லா வீட்டிலும் கேத்தல் போட்டதும் பல்ப் மங்கும். அந்தக் குறைந்த வோல்ட்டை சார்ஜர் தாங்கிக்கொள்ளும். கெடுப்பது கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடியில் வரும் தள்ளலும் இடியும்தான். கரண்ட் போனதும் பிளக்கை இழுத்துவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுக்க இருண்ட ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கலாம். அந்த மாதிரி நாளில் பெட்டரி இருக்கிற லெப்டொப்புக்கு ஒன்றும் ஆகாது, பிளக் மட்டும் வெளியே இருந்தால்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் பின்னேர இடி வழக்கம். முதல் முழக்கம் கேட்டதுமே சார்ஜரைக் கழற்றுங்கள். ரவுட்டரோடு வயர் போட்டிருந்தால் அதையும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக் சொக்கட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

சார்ஜர் பிளக் உங்கள் சொக்கட்டுக்குப் பொருந்தாவிட்டால், நெருப்புக்குச்சியைச் செருகி மூடியைத் திறக்கும் வித்தை வேண்டாம். சார்ஜரின் பெட்டியோடு சேரும் வயர் மட்டும் தனியாகக் கிடைக்கும்; சதுர முள் 13 அம்பியர் பிளக் உள்ள வயர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

முதல் முறை விண்டோஸைத் திறக்கும்போது

நாடு இலங்கை, நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர. இதெல்லாம் அதுவே கேட்கும். கவனிக்க வேண்டியது டேட்டா.

புது லெப்டொப் இன்டர்நெட்டைக் கண்டதும் பசித்த பிள்ளை மாதிரி அப்டேட்டுகளை இழுக்கத் தொடங்கும். போனின் ஹொட்ஸ்பொட்டில் விட்டால் மாத டேட்டா ஒரே மாலையில் காலி. ஆரம்ப அமைப்பை மட்டும் போன் டேட்டாவில் முடியுங்கள். உடனே செட்டிங்ஸ் போய், அந்த வைஃபையின் விவரத்தில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்பதை ஒன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் நின்றுவிடும். வீட்டு ரவுட்டர் பெக்கேஜ்கள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனியாக இருக்கும். அந்த நேரத்துக்கு மீட்டரை எடுத்துவிட்டு, லெப்டொப் தூங்காதபடி பவர் செட்டிங்ஸை மாற்றி, சார்ஜரில் விட்டுப் படுத்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவில் எல்லாம் வந்து சேரும். இடி இல்லாத இரவாகப் பாருங்கள்.

அப்டேட்டுகளில் பயோஸ் (விண்டோஸுக்கும் முன்னால் எழும்பி லெப்டொப்பைத் தொடக்கிவிடும் மென்பொருள்) அப்டேட் ஒன்று இருந்தால், பெட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரும் போட்டிருக்கும்போது மட்டும் விடுங்கள். நடுவில் நிறுத்தவே கூடாத அப்டேட் அது. ரெம் போடுவதற்கு முன்னரே இதை முடித்துவிடுவது நல்லது. சில மெஷின்களில் புதிய ரெம்மோடு ஒத்துப்போகும் திருத்தங்கள் அதில்தான் வரும்.

இனி முக்கியமான ஒரு விஷயம். இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் பல லெப்டொப்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. நமக்குச் சொல்வதுகூட இல்லை. பிறகு பயோஸை மாற்றினாலோ உள்ளே ஏதாவது வித்தியாசம் கண்டாலோ ஒரு நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இன்றைக்கே எடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். லெப்டொப்புக்குள்ளேயே அதன் சாவியைச் சேமித்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். “நானே போட்டுத் தாறேன்” என்று கடையில் யாரோ அவர்களுடைய ஈமெயிலில் திறந்து கொடுத்தால், அந்தச் சாவியும் அவர்களிடமே.

வைரஸ் காவலுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். கூடவே வரும் ‘முப்பது நாள் இலவசம்’ ரகங்களை நீக்கிவிடுங்கள்; ரெம் தின்பதில் அவை முன்வரிசை. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒபிஸ் இலவசம்.

தமிழ்: மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் கீபோர்ட்கள் விண்டோஸிலேயே உண்டு. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஆனால் நம் பாடசாலைகளில் இன்னும் பாதி வினாத்தாள்கள் பாமினியில்தான். அந்த ஃபைலைப் புது லெப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். லெப்டொப் பழுது இல்லை. பாமினி எழுத்துருவை நிறுவினால் தமிழாகத் தெரியும். தங்கச்சி முதல் நாளே என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான்: “அண்ணே, வைரஸ் வந்துட்டு.” பாமினி தட்டிப் பழகிய சேர்மார், எந்த எழுத்துருவிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட் முறையில் அதே விரல் பழக்கத்தோடு எழுதத் தனி மென்பொருள் போட வேண்டிவரும்.

ஒரு வாரம் அப்படியே பாவியுங்கள்

புது லெப்டொப்பை அன்றைக்கே திறந்து ரெம் போட எல்லாருக்கும் கை ஊறும். வேண்டாம். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், வந்தபடியே பாவியுங்கள். கீபோர்டின் ஒவ்வோர் எழுத்தும், கெமராவும், மைக்கும், யூஎஸ்பி துளைகளும், பெட்டரி நிற்கும் நேரமும் சரியா என்று பாருங்கள். பிறவிக் குறை இருந்தால் முதல் நாட்களிலேயே தலைகாட்டும். அப்போது நீங்கள் திறக்காத மெஷினாக இருந்தால் கடைக்காரர் பேச ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு ரெம் தேவையா என்பதும் அந்த வாரத்தில்தான் தெரியும். வழக்கமான வேலையை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. தங்கச்சி சூம் வகுப்பு, குரோமில் ஏழெட்டு டெப், வேர்ட்டில் ஒரு பாடத்திட்டம் என்று திறந்திருந்தபோது மெமரி தொண்ணூறு வீதத்தைத் தாண்டி நின்றது. அந்த நிலையில் விண்டோஸ் இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதி வாசிக்கும். அதுதான் நாம் உணரும் அந்த இழுவை. உங்களுடையது அறுபது, எழுபது வீதத்தில் நின்றும் மெதுவாக இருக்கிறதென்றால் காரணம் வேறு. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அப்படியானால் பணத்தை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போடுங்கள், ரெம்முக்கு வேண்டாம்.

என் கணக்கு இதுதான்: படிப்பு, எழுத்து வேலை, வகுப்பு என்றால் 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16இல் நிம்மதி. 32 வீடியோ வெட்டுவோருக்கு. விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி என்பது விண்டோஸ் திறந்து முகம் காட்டுவதற்கு மட்டும்.

எந்த ரெம்?

அதே மெமரி பக்கத்தில் வலது கீழ்ப்புறம் சில வரிகள் இருக்கும். அவற்றை போனில் படம் எடுங்கள். முதலாவது, வேகம். இரண்டாவது, எத்தனை ஸ்லொட்டில் எத்தனை பாவனையில் உள்ளது. மூன்றாவது, ஃபோர்ம் ஃபெக்டர். அதில் ‘எஸ்ஓடிம்’ என்று இருந்தால் கழற்றிப் பூட்டக்கூடிய ரெம். ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் லெப்டொப்பின் உள்ளே இருக்கும் பிரதான போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது, கழற்ற முடியாது. மெல்லிய லெப்டொப்கள் பலவற்றில் எல்பிடிடிஆர் வகை மெமரி இப்படித்தான் இருக்கும். அப்பிளின் மெக்புக்கில் பல வருடங்களாகவே ரெம் கூட்ட வழியில்லை. அப்படிப்பட்ட மெஷின் என்றால் இந்த வழிகாட்டியில் இனி வருவது உங்களுக்குத் தேவைப்படாது.

நடுவில் ஒரு ரகம் உண்டு: பாதி ஒட்டியது, கூடவே ஒரு ஸ்லொட். தங்கச்சியுடையது அப்படி. 8 ஜிபி போர்டில், ஒரு வெற்று ஸ்லொட். இந்த ரகத்தில் டாஸ்க் மெனேஜர் சொல்லும் ஸ்லொட் எண்ணிக்கையை நம்ப முடியாது. லெப்டொப்பின் அடியில் இருக்கும் முழு மொடல் இலக்கத்தைக் கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் விபரத் தாளையும் பழுது பார்ப்போர் கையேட்டையும் தேடி எடுங்கள். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பத்து ரகம் விற்பார்கள். ஆகக் கூடியது எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கும். அடி மூடியைத் திறக்கும் முறையும் அந்தக் கையேட்டிலேயே படத்தோடு இருக்கும்.

ரெம்மின் தலைமுறைக்கு வருவோம். முள் என்பது ரெம்மின் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறத் தொடுமுனை. டிடிஆர்3 என்றால் 204 முள், டிடிஆர்4 என்றால் 260, டிடிஆர்5 என்றால் 262. அந்த விளிம்பில் இருக்கும் சிறு வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. ஏற்றப் பார்த்தால் ஸ்லொட் உடையும். பழைய மெஷினில் இன்னொரு சிக்கல்: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டுக்கும் ஒரே வெட்டு, ஒரே முள். இன்டெல் 4ஆம் தலைமுறை லெப்டொப்களில் இருந்து ‘எல்’ போட்டதுதான் வேண்டும். சாதா டிடிஆர்3 அழகாக உள்ளே போய் உட்காரும், மெஷின் மட்டும் எழும்பாது.

வேகம் அவ்வளவு கண்டிப்பானது இல்லை. 2666இல் ஓடும் லெப்டொப்பில் 3200 ரெம்மைப் போட்டால் அது 2666க்கு இறங்கி ஓடும். வேகம் குறைந்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து அதன் வேகத்துக்கு இறங்கும். ஆகவே அதே வேகம் அல்லது கூட.

இரண்டு ரெம்மும் ஒரே அளவாக இருந்தால் புரொசசர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் வாசிக்கும். தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத லெப்டொப்பில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் திரைக்கும் ரெம்மில் இருந்துதான் பங்கு போகிறது. 8 இருக்கிற இடத்தில் இன்னொரு 8 போடுவது அதனால்தான் ஆதாயம். 8உம் 16உம் கலந்தாலும் ஓடும். முதல் பதினாறு இரட்டை வழியிலும் மிச்சம் ஒற்றை வழியிலும்.

விலையைப் பற்றி. உலகத்தில் மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே நிறுவனங்கள். 2025 பிற்பகுதியில் இருந்து ஏஐ தரவு மையங்களுக்கு அவர்கள் உற்பத்தியைத் திருப்பியதில் சாதாரண ரெம் விலை உலகம் முழுக்கக் கடகடவென்று ஏறியது. ஆகவே முன்பு யூடியூப்பில் யாரோ சொன்ன விலையை நம்பிக் காசு கட்டிக்கொண்டு போகாதீர்கள். புறப்படும் நாள் காலையில் போன் போட்டுக் கேளுங்கள். இன்னும் லெப்டொப்பே வாங்கவில்லை என்றால், 8 வாங்கிப் பிறகு கூட்டுவோம் என்ற பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 16 உள்ளதையே எடுப்பது சில சமயம் மலிவாக முடியும்.

கடையில் சொல்ல வேண்டியது ஒரு வரி. தங்கச்சிக்கு நான் எழுதிக்கொண்டு போன சீட்டு: “லெப்டொப் ரெம், டிடிஆர்4, 8 ஜிபி, 3200, 1.2 வோல்ட்.” கூடவே டாஸ்க் மெனேஜர் படமும் லெப்டொப்பின் அடிப்பக்கப் படமும் போனில். லெப்டொப் ரெம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நீளம்; மேசைக் கணினியுடையது பதின்மூன்றுக்கு மேல். ஒரு சிறு அடிமட்டத்தைக் கொண்டு போனாலும் தப்பில்லை. சிரித்தால் சிரிக்கட்டும்.

திறப்பது

சாமான்கள்: போன் திருத்தும் கடைகளில் கிடைக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று. பெரும்பாலும் நட்சத்திர வடிவில் நான்கு முனை உள்ள 0 அளவு போதும். சிலவற்றுக்கு ஆறு முனை டி5 வேண்டும். தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் தலை தேய்ந்து அதோடு கதை முடிந்தது. காலாவதியான ஏடிஎம் கார்ட் ஒன்று. ஒரு துவாய். ஒரு கொப்பித் தாள், செலோடேப்.

நேரம்: பகல். நுவரெலியாப் பக்கம் தை மாதக் காலையில் குளிர்ந்து கிடந்த லெப்டொப்பை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூக்கும். கொழும்புக்குக் கொண்டு இறங்கும்போதும் இதே கதைதான். பையிலேயே ஒரு மணித்தியாலம் வைத்துச் சூழலுக்குப் பழகவிடுங்கள். மூடுபனி யன்னலால் உள்ளே வரும் நேரமும் வேண்டாம். நம் ஈரக் காற்றில் உடம்பில் மின்னேற்றம் சேர்வது குறைவு என்பது உண்மை. ஆனால் அதே தை மாத வெயிலில், உலர்ந்த காற்றில், ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதல்லவா, அது ஒரு ரெம்மைக் கொல்லப் போதும். ஸ்வெட்டரை முன்பே கழற்றிவிட்டு உட்காருங்கள்.

முதலில் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். அந்த 48 இலக்கச் சாவி கொப்பியில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சும்மா ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜர், மவுஸ், மெமரி கார்ட் எல்லாவற்றையும் எடுங்கள். மெமரி கார்ட் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் பொய்க் கார்ட் இருந்தால் அதையும். மூடி அதில் மாட்டி நிற்கும்.

துவாயில் கவிழ்த்து வையுங்கள். கொப்பித் தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கோடாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அதே இடத்தில் தாளில் செலோடேப்பால் ஒட்டிக்கொண்டே போங்கள். இதைச் சோம்பலாக நினைத்தால் மூடும்போது வருந்துவீர்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் மறுபக்கம் இருக்கும் டச்பேடையோ கீபோர்டையோ குத்திக்கொண்டு வரும். சில ஸ்க்ரூ இறப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சில ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. அவை மூடியோடு சேர்ந்தவை, தளர்ந்தால் போதும்.

எல்லாம் கழன்ற பிறகு ஏடிஎம் கார்டின் மூலையை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்துங்கள். சின்னக் கொளுக்கிகள் டக், டக் என்று விடும். பயமாகத்தான் இருக்கும், அந்தச் சத்தம் சரியான சத்தம்தான். ஓரிடத்தில் மட்டும் வரவே இல்லையென்றால் பலம் காட்டாதீர்கள், அங்கே இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது.

மூடி வந்ததும் உங்கள் முதல் வேலை ரெம் இல்லை, பெட்டரி. அதிலிருந்து போர்டுக்குப் போகும் வயர்க்கட்டின் முனையைக் கழற்ற வேண்டும். சில முனைகள் போர்டோடு சமாந்தரமாகப் பின்னால் இழுபடும். சில மேலே தூக்குபவை. எது என்று கையேட்டில் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் முனையை நகத்தாலோ பிளாஸ்டிக்காலோ தள்ளுங்கள். பிறகு பவர் பட்டனை இருபது வினாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். பிறகு உள்ளே இருக்கும் பெயின்ட் இல்லாத உலோகம் ஒன்றைத் தொட்டு உங்களையும் லெப்டொப்பையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய ரெம்மை எடுக்க வேண்டுமானால் இரு பக்கக் கொளுக்கியையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் தள்ளுங்கள். ரெம் தானாகவே சாய்ந்து எழும்பும். அந்தச் சாய்விலேயே உருவி எடுங்கள்.

புதியதை ஓரங்களில் பிடியுங்கள், தங்க நிற முள்ளில் விரல் படக்கூடாது. வெட்டை ஸ்லொட்டின் திட்டோடு பொருத்தி, முப்பது பாகை அளவு சாய்வாக உள்ளே தள்ளுங்கள். தங்க நிறம் ஏறக்குறைய மறையும் வரை போக வேண்டும். பிறகுதான் கீழே அழுத்த வேண்டும். இரு பக்கமும் டிக் என்று பிடிக்கும். முழுதாக உள்ளே போகாமல் கீழே அழுத்தியும் கொளுக்கி பிடிப்பதுண்டு. “ரெம் பழுது” என்று என்னிடம் கொண்டுவந்த லெப்டொப்களில் பாதி அந்த ஒரு மில்லிமீட்டர்க் கதை.

பெட்டரி முனையைத் திரும்பப் போட்டு, மூடியை வைத்து, கொளுக்கிகளை அழுத்தி, ஆனால் ஸ்க்ரூ இரண்டு மட்டும் போடுங்கள். மெஷின் எழும்பிய பிறகு மற்றதைப் போடலாம்.

ஒன் செய்ததும்

சார்ஜரைப் போட்டு பட்டனை அழுத்துங்கள். திரை கறுப்பாகவே இருக்கும். பதறாதீர்கள். புதிய ரெம்மைக் கண்டதும் போர்ட் அதற்கேற்ற நேரக் கணக்கைத் தானே பழகிக்கொள்கிறது. டிடிஆர்5 மெஷின்களில் இது சில நிமிடங்கள் எடுக்கும். நடுவில் தானாக அணைந்து எழும்பவும் செய்யும். தங்கச்சி லெப்டொப்பில் அந்தக் கறுப்பு ஒரு நிமிடத்துக்கும் கூடவாக நின்றது. பின்னால் நின்ற அம்மா சாமிப்படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பத்து நிமிடம் வரை கைவைக்காமல் விடுங்கள்.

வந்ததும் டாஸ்க் மெனேஜரில் பாருங்கள். 16 போட்டும் 15 சொச்சம் காட்டினால் மிச்சம் திரைக்கு ஒதுக்கியது, களவு போகவில்லை. அடுத்து, ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்’ என்று தேடி ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். பாவித்த ரெம் வாங்கியிருந்தால் அதோடு விடாமல், மெம்டெஸ்ட்86 என்ற ரெம் சோதிக்கும் மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரெம் வேண்டாம். “ஒன்றுதானே” என்று விட்டால் ஒரு நாள் வேர்ட் ஃபைல் திறக்காது, இன்னொரு நாள் ‘மெமரி மெனேஜ்மென்ட்’ என்று நீலத் திரை வரும்.

எழும்பவே இல்லையென்றால்: அணைத்து, சார்ஜரையும் பெட்டரி முனையையும் கழற்றி, ரெம்மை எடுத்து மறுபடி ஆழமாகச் செருகுங்கள். அதற்கும் வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புங்கள், புதியது இல்லாமல். பழையபடி எழும்பினால் போர்ட் நலம். புது ரெம்தான் பிழை அல்லது பொருத்தமில்லை. இரண்டு ஸ்லொட் இருந்தால் புதியதைத் தனியாக, பழையது இருந்த ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் ரெம் நலம், இரண்டாவது ஸ்லொட்டில்தான் கோளாறு. பில்லோடு லெப்டொப் கடைக்குப் போக வேண்டியதுதான். முள்ளில் அழுக்கோ ஈரக்கறையோ தெரிந்தால் ஐசோபுரோபைல் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். சேலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் கொப்பித் தாளில் இருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போடுங்கள், இறுக்கி முறுக்காமல். கழற்றிய பழைய ரெம் இருந்தால் அதைப் புதியது வந்த உறையிலேயே போட்டு, பில்லோடு சேர்த்து அலுமாரியில் வையுங்கள். வொரண்டிக்குக் கொண்டுபோகும் நாளில் பழையதைப் பூட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.